அவள் முடி, என் வேண்டுதல்

பிற்பகல் மூன்று மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு என் மகள் காபி ஊற்றுவதை நிறுத்தினாள். நேரம் இத்தனை துல்லியமாக நினைவிருக்கக் காரணம், நான் அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். மூன்று ஐம்பத்தைந்துக்கு விமானம் திருப்பதிக்குப் பக்கத்து ரேணிகுண்டாவில் தரையிறங்க வேண்டும். அதற்குள் அவள் எங்கள் வரிசைக்கு வந்துவிடுவாள், மற்றவர்களிடம் கேட்பதுபோல என்னிடமும் "காபியா, டீயா" என்று கேட்பாள், நானும் முன்பின் தெரியாதவள்போல "காபி" என்பேன் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு பெரியவருக்கு அவள் குவளையை நீட்டினாள். தலைக்குமேல் மணி அடித்தது. நீட்டிய குவளையை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். கொடுத்த காபியை யாராவது திரும்ப வாங்குவார்களா? அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

விமானப் பணிப்பெண்ணாக அவளுக்கு அது எட்டாவது மாதம். ஹைதராபாத்தில் இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு வீட்டில் இருந்தாள். கோடை விடுமுறையில் நானும் என் அண்ணியும், அதாவது என் கணவரின் அக்காவும், பத்து நாள் அவளோடு தங்கிவிட்டு வரலாம் என்று ரயிலில் போயிருந்தோம். திரும்பும்போது ஞாயிற்றுக்கிழமை திருப்பதி விமானத்தில் தனக்கே டூட்டி போட்டிருக்கிறார்கள், அதிலேயே வாருங்கள் என்று அவள்தான் ஆசைப்பட்டாள். எனக்கும் அண்ணிக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். அண்ணி திருச்சானூர்க்காரி. மகள் திருப்பதியில் கல்லூரி படித்த மூன்று வருஷமும் அவர் வீட்டில்தான் இருந்தாள். தினமும் காலையில் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டது நான் இல்லை, அண்ணி. இடுப்புக்குக் கீழே வரும் அந்த முடிக்கு நான் பெற்றவள், அவர் வளர்த்தவர் என்று சொல்லலாம்.

நான் சித்தூரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், தமிழ் மீடியத்தில், விஞ்ஞானம் சொல்லித்தருகிறேன். மின்னல் பாடம் வருஷா வருஷம் வரும். உலோகக் கூண்டுக்குள் இருப்பவரை மின்னல் தொடாது, மின்சாரம் வெளித்தோலின்மீது ஓடி மறுமுனை வழியே போய்விடும் என்று கரும்பலகையில் ஒரு பஸ்ஸையும் ஒரு விமானத்தையும் வரைந்து காட்டுவேன். விமானத்தை அழகாக வரைவேன் என்று எனக்கு ஒரு பெயரே உண்டு. அந்த விமானத்துக்கு உள்ளே ஆட்களை வரைந்ததில்லை.

தள்ளுவண்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மகள் முன்கதவோரம் இருந்த மடக்கு இருக்கையில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, தோள் வழியே இரண்டு பெல்ட்டுகளை இழுத்து மாட்டிக்கொண்டாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். குளிர்கிறதோ என்று நினைத்தேன். அப்படித்தான் உட்காரச் சொல்லித்தந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. வலைபோட்டு இறுக்கிய கொண்டை, சிவப்பு உதட்டுச் சாயம். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வரிசை வரிசையாக எல்லார் இடுப்பையும் பார்த்துக்கொண்டு வந்தாள், பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று.

சன்னலுக்கு வெளியே முதலில் வெளிச்சம் போயிற்று. மேகம் அழுக்குப் பஞ்சு நிறத்தில் வந்து சன்னலை ஒட்டிக்கொண்டது. பிறகு விமானம் விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்வேன். மகள் அதைக் குலுக்கல் என்கிறாள், அவள் வேலைக்கு அந்தச் சொல் சரி. யாருடைய செருப்போ நடைபாதையில் உருண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. பக்கத்தில் அண்ணி என் கையைப் பிடித்தார். அவர் மோதிரம் என் விரலில் பதிந்த அடையாளம் இரண்டு நாள் இருந்தது.

அப்போது மின்னல் அடித்தது. வலப்பக்கச் சன்னல்கள் அத்தனையும் ஒரே கணத்தில் வெள்ளையாகின. கூடவே சத்தம். இடிச்சத்தம் தூரத்தில் தொடங்கி உருண்டு வரும் என்றுதான் நமக்குப் பழக்கம். இது உருளவில்லை. தகரக் கொட்டகைமேல் முழுத் தேங்காய் விழுந்ததுபோல ஒற்றைச் சத்தம், தலைக்கு நேர் மேலே. விளக்குகள் அணைந்து எரிந்தன. ஏதோ கம்பி கருகிய வாசனை வந்ததா, நானே கற்பனை செய்துகொண்டேனா, இன்றுவரை தெரியவில்லை.

பிறகு பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் "கோவிந்தா" என்றது. திருப்பதிக்குப் போகிற விமானம் அது, பாதிப்பேர் மலைக்குப் போகிறவர்கள். அடுத்த மூச்சில் விமானமே "கோவிந்தா, கோவிந்தா" என்றது. அண்ணி எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். கரும்பலகையில் வரைந்த படம் எனக்கு ஒன்றுக்கும் உபயோகப்படவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மகள் நாலு வரிசைக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறாள் என்பதுதான். பெல்ட்டைக் கழற்றினேன். எழுந்தேன். அவளிடம் போய்விட்டால் போதும், போய்ப் பிடித்துக்கொண்டால் போதும் என்று இருந்தது.

"மேடம், உக்காருங்க."

என் மகளின் குரல்தான். வீட்டில் நான் கேட்டிராத குரல். நான் இன்னும் ஓர் அடி வைத்தேன்.

"உக்காருங்க மேடம். பெல்ட் போடுங்க. இப்பவே."

கண்ணில் ஈரம் இல்லை, முகத்தில் ஒரு அசைவில்லை. ஏழாம் வகுப்புப் பையன்களை நான் உட்காரவைப்பேனே, அதைவிடச் சுருக்கமாக என்னை உட்காரவைத்தாள். உட்கார்ந்தேன். பெல்ட்டை அண்ணிதான் மாட்டிவிட்டார். அவள் ஒலிவாங்கியை எடுத்து முதலில் தெலுங்கிலும் பிறகு இங்கிலீஷிலும் கடைசியில் தமிழிலும், விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, யாரும் எழ வேண்டாம் என்று அறிவித்தாள். வழக்கமாக அந்த அறிவிப்பில் தமிழ் கிடையாது. அது எங்கள் இருவருக்காக.

அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஏழுமலையானைப் பார்த்து, வாய்விட்டுச் சொன்னேன்: "இவளப் பத்திரமா எறக்கி விட்டுடு. இவ தலமுடி முழுசும் உனக்குத் தர்றேன்."

மனசுக்குள் சொல்லியிருந்தால் அது எனக்கும் அவனுக்கும் இடையில் இருந்திருக்கும். நான் சொன்னது அண்ணியின் காதுக்குப் பக்கத்தில்.

ரேணிகுண்டாவுக்கு மேலே ஒருமுறை இறங்கப் பார்த்தார்கள். ஈரமான சாலையும் ஒரு லாரியின் விளக்கும்கூட எனக்குத் தெரிந்தன. அதற்குள் இயந்திரம் உறுமி மறுபடி மேலே இழுத்துக்கொண்டு போயிற்று. சென்னைக்குப் போகிறோம் என்று விமானி சொன்னார். போன அந்த நேரத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. சென்னையில் வெயில் அடித்தது. கதவோரம் நின்று மகள் ஒவ்வொருவருக்கும் கைகூப்பி நன்றி சொன்னாள். கோவிந்தா சொன்னவர்கள் பலர் அவள் தலையில் கைவைத்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். என் முறை வந்தபோது என்னைப் பார்த்தும் கைகூப்பினாள். கூப்பிய கைக்குள் என் விரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தி, தான் ரிப்போர்ட் எழுதிக்கொடுத்துவிட்டுச் சென்னையில் தங்க வேண்டியிருக்கும், நீங்கள் பஸ்ஸில் போங்கள் என்றாள். அவள் விரல் ஐஸ்போல இருந்தது.

திருப்பதி பஸ் ஊத்துக்கோட்டையைத் தாண்டியது. அண்ணி சன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"முழுசுன்னு வேண்டிக்கின. ஞாபகம் வெச்சிக்கோ."

அந்த இரவு அண்ணி வீட்டிலேயே தங்கினேன். திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து போன். விமானத்தில் இருந்த யாரோ எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியிருந்தது. சித்தூரிலிருந்து, வேலூரிலிருந்து, நாராயணவனத்திலிருந்து எல்லாரும் கூப்பிட்டார்கள். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று இரண்டு வாக்கியம், பிறகு வேலையை விடச் சொல்லி இருபது வாக்கியம். பேங்க் பரீட்சை எழுதச் சொல், டீச்சர் டிரெய்னிங் சேர்த்துவிடு, நீயே டீச்சர்தானே. என் பெரியப்பா மகன் ஒருவன் இருக்கிறான், மலைப்பாதையில் வேன் ஓட்டுகிறவன். "ஆகாசத்துல தட்டு எடுக்கிற வேல, அதுக்கு இடி வேற தாங்கணுமா தங்கச்சி" என்றான். அன்றைக்கு எனக்கு எங்கிருந்தோ ஒரு திமிர் வந்தது. "போன வருஷம் பதினாலாவது வளைவுல வேனச் சொருகினியே அண்ணா, அப்ப நீ வேலைய விட்டியா" என்று கேட்டேன். போன் வைத்துவிட்டான். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த போனுக்காகக் காத்திருந்தேன் என்றே சொல்லலாம்.

ஆனால் அண்ணியிடம் அந்தத் திமிர் செல்லவில்லை. அவர் அவளை வேலையை விடச் சொல்லவில்லை. வேண்டுதலைத் தீர்க்கச் சொன்னார், அவ்வளவுதான். அவள் வந்ததும் நேரே மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் மொட்டை போட்டுவிட வேண்டும். போடாமல் அவள் மறுபடி விமானம் ஏறினால் அவரால் சோறு தின்ன முடியாது. முடி நுனியில் மூன்று கத்தரி மட்டும் வெட்டிக் கொடுத்தால் போதாதா, பெண்களுக்கு அப்படி வழக்கம் இருக்கிறதே என்று கேட்டுப் பார்த்தேன். முழுசு என்று சொன்ன வாய் உன் வாய் என்றார். மொட்டைத் தலையோடு அவளை விமானத்தில் வேலைக்கு விடமாட்டார்கள், முடி வளர்கிறவரை உட்காரவைத்துவிடுவார்கள், இன்னும் வேலை நிரந்தரமாகாத பெண், அப்படியே அனுப்பியும் விடுவார்கள் என்றேன். தெரியாமலா சொன்னேன் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"நீ இன்னாத்துக்கு வேண்டிக்கின? அவ உசுருக்கா, வேலைக்கா?"

என் கணவருக்குப் போன் போட்டேன். சித்தூர் ஆபீசில் இருந்தார். முழுக்கதையும் கேட்டுவிட்டு, அக்காவிடம் தான் இருபது வயதிலேயே பேச்சில் தோற்றுவிட்டதாகவும், இனிமேல் முயற்சி செய்வதாக இல்லை என்றும் சொன்னார்.

அன்று மாலை மகள் கூப்பிட்டாள். விமானத்தைப் பரிசோதித்துவிட்டார்களாம். "மூக்குகிட்ட ரெண்டு கருகின புள்ளி, வால்ல ஒண்ணு. கடுகு தெறிச்ச மாதிரி. அவ்ளோதாம்மா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, மறுபடி கூப்பிட்டாள். இந்தமுறை சிரிக்கவில்லை. ஓட்டல் அறைக்குப் போனதும் வாந்தி எடுத்தாளாம், இரண்டு நாளாகக் கண்ணை மூடினால் அந்த வெள்ளை வெளிச்சம் வருகிறதாம். வெள்ளிக்கிழமை மறுபடி டூட்டி போட்டிருக்கிறார்கள். வேண்டுமானால் இன்னும் சில நாள் லீவு எடுத்துக்கொள், ஆனால் எடுத்தவர்களில் சிலர் திரும்பி வந்ததே இல்லை என்று அவளுடைய மேலதிகாரி அம்மாள் சொன்னாளாம்.

"அம்மா, நான் போகணுமா?"

இந்த இடத்தைத்தான் நான் இந்த எழுத்தில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவள் கேட்ட அந்த நொடியில் என் நாக்கின் நுனியில் பதில் தயாராக இருந்தது. உனக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, வா, மொட்டை போட்டுக்கொள், ஆறு மாதம் வீட்டில் இரு. அவள் மறுத்திருக்க மாட்டாள். அவளுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, எனக்கும் தேவைப்பட்டது, கடவுளே அதைக் கொடுத்ததுபோல இருந்தது. வேலையை விடு என்று அம்மா சொன்னதாகக்கூட ஆகாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு மாதமாக, அவள் சீருடை போட்டுப் படம் அனுப்பிய முதல் நாளிலிருந்து, நான் ராத்திரி தூங்காமல் அவள் விமானம் எங்கே போகிறது என்று போனில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அந்தக் குலுக்கலில், அத்தனை பயத்திலும், என்னுடையது எதையும் வேண்டிக்கொள்ளாமல் சரியாக அவள் முடியை வேண்டிக்கொண்டேனே, ஏன்? கொண்டையும் வலையுமாக அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கொண்டை இல்லாவிட்டால் அவள் அங்கே உட்கார முடியாது என்று என்னில் ஏதோ ஒன்று கணக்குப் போட்டிருக்கிறது. மின்னல் எங்களை ஒரு கணம் தொட்டுவிட்டுப் போயிற்று. நான்தான் அவளைப் பிடித்து இழுத்துக் கீழே உட்காரவைக்கப் பார்த்தேன்.

"மொதல்ல இங்க வா. பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். புதன் மாலை வருவதாகச் சொன்னாள்.

புதன்கிழமை காலை அண்ணி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மலைப் பஸ் ஏறினேன். கிளம்பும்போது யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நாற்பத்தொன்பது வயது. கட்டுக்கழுத்தி, புருஷன் இருக்கும்போது மொட்டை போடக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் சிலர் சொல்வார்கள், சிலர் போடுவார்கள். வளைவுகளில் பஸ் திரும்பும்போது என் கணவருக்கு ஒரு போன் செய்தேன். இப்படிச் செய்யப்போகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்து, "முடி உன்னுது, என்னக் கேக்கிற" என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொன்ன நல்ல வார்த்தைகளில் அது ஒன்று.

கல்யாணக் கட்டா என்கிற மொட்டை போடும் மண்டபத்தில் டோக்கனும் பாதி பிளேடும் கொடுத்தார்கள். எனக்கு வந்த எண்ணில் என் வயதொத்த ஒரு தெலுங்குக்காரி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் தண்ணீர், முடி, அழுகிற குழந்தைகள், கோவிந்தா. நான் குனிவதற்கு முன்னால், எனக்கு ஒரு சந்தேகம் என்றேன். மகளின் முடியை வேண்டிக்கொண்டுவிட்டேன், அதற்குப் பதிலாக என்னுடையதைக் கொடுத்தால் செல்லுமா? அவள் கையில் பிளேடு காத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் வரிசை நீளம். அவள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

"ஜுட்டுக்கு பேரு உந்தாம்மா?" என்றாள்.

முடிக்குப் பெயர் இருக்கிறதா என்று கேட்டாள். பக்கத்தில் குவிந்திருந்ததைக் காட்டினாள். கறுப்பு, நரை, குழந்தை முடி, கிழவர் முடி எல்லாம் ஒன்றாக நனைந்து கிடந்தன. அவள் சாஸ்திரம் சொல்லவில்லை, வேலை நடக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. என் தலையை அமுக்கிக் குனியவைத்து, முடியை இரண்டாகப் பிரித்து முடிந்து, நடு உச்சியிலிருந்து இழுத்தாள். குளிர்ந்த தண்ணீர் முதுகில் இறங்கியது. நான் அழவில்லை. குனிந்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சாமியிடம் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினேன். இதோ முடி. அவளுடையது உனக்குக் கிடைக்காது. உனக்கு ஏதாவது பாக்கி என்று தோன்றினால் என்னிடம் கேள், அந்தப் பெண்ணிடம் போகாதே. அவளை மேகத்துக்குள் தேடிக்கொண்டு போகாதே. பக்தியோடு சொன்னேனா என்று கேட்டால், இல்லை. வகுப்பில் அடுத்தவன் பென்சிலை எடுத்தவனிடம் பேசுவதுபோலப் பேசினேன். அந்தப் பென்சிலை எடுத்தவள் நான்தான் என்பது வேறு விஷயம்.

வேண்டுதல் தீர்ந்துவிட்டது என்றால், இனி அவளைத் தடுக்க என் கையில் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் இறங்கி வரும்போது மொட்டைத் தலையில் காற்று படப்பட, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. என் சாக்கை நானே வழித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அண்ணி கதவைத் திறந்தார். என் முகத்தையும் தலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சந்தனம் காய்ந்து நெற்றியில் இறங்கியிருந்தது. அவர் கோபப்படுவார் என்று பதில்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இம்மாம் பெரிய காதா உனக்கு? இத்தினி வருஷமா எங்க வெச்சிருந்த?" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும், சிரிப்பு வந்த அதே மூச்சில், அவர் கேட்டார்.

"சாமி ஒத்துக்கலன்னா?"

"எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன் அண்ணி."

"ரொம்பதான் திமிரு உனக்கு."

"திமிருதான்."

மூன்று வருஷம் தான் எண்ணெய் வைத்துவிட்ட முடி அது, அதை வழிப்பதைத் தன் கண்ணால் பார்க்கத் தனக்கு மட்டும் ஆசையா, அந்தப் பிள்ளை பிழைத்திருக்க வேண்டும் என்றுதானே சொன்னது என்றார் அண்ணி. எனக்குத் தெரியும் என்றேன். மறுபடி விமானம் விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். இதை எழுதுகிற இந்த நாளிலும், மேற்கே மலைக்கு மேலே மேகம் கறுத்தால் என் கை தானாகப் போனைத் தேடுகிறது. கறுக்கட்டும். நான் பயப்படுவேன், அவளைப் பயப்படச் சொல்ல மாட்டேன் என்று அன்றைக்கு அண்ணியிடம் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் எழுந்து போய் அவள் வருவதற்குள் வற்றல் குழம்பு வைக்க வேண்டும் என்று சமையலறையில் பாத்திரங்களை உருட்டத் தொடங்கினார்.

ஐந்து மணிக்கு வருகிறேன் என்றவள் வரவில்லை. ஐந்தே முக்காலுக்கும் வரவில்லை. மழை தூறத் தொடங்கியது. எங்கேயோ இடித்தது. நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தோம். ஆறு மணிக்கு ஒரு ஷேர் ஆட்டோ தெருமுனையில் நின்றது. கோயிலுக்குப் போகிற நாலு பேர் முதலில் இறங்கினார்கள், பிறகு அவள் இறங்கினாள். ஜீன்ஸ் போட்டிருந்தாள். முடியை அவிழ்த்து விட்டிருந்தாள். உதட்டுச் சாயம் இல்லாத முகம் இளைத்திருந்தது. பையை இழுத்துக்கொண்டு வந்தவள், வாசலில் நின்ற என்னை அண்டை வீட்டுக்காரி என்று நினைத்துத் தாண்டிப் போகப் பார்த்து, சட்டென்று நின்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் அண்ணி உள்ளேயிருந்து வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். விமானத்தில் நான் என்ன சொன்னேன், யார் முடியைச் சொன்னேன், காலையில் சொல்லாமல் எங்கே போனேன் எல்லாம். கையில் கரண்டி இருந்தது.

மகள் பையை விட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கட்டிக்கொள்வாள் என்றுகூட எதிர்பார்த்தேன், பொய் சொல்லவில்லை.

"யாரக் கேட்டு என் முடிய வேண்டிக்கின?" என்றாள்.

"பயந்துட்டேம்மா."

"நானுந்தான் பயந்தேன். நான் யார் தலையையாவது வேண்டிக்கினனா? ஒக்காந்து எல்லார் பெல்ட்டையும் பாத்துக்கினு இருந்தேன்."

அண்ணி, முதலில் துன்னுட்டுப் பேசலாம் என்று இடையில் வந்தார். அவரையும் ஒரு கையால் நிறுத்தினாள். போகலாமா வேண்டாமா என்று சென்னையிலிருந்து வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாளாம். திருத்தணி வருவதற்குள் வேண்டாம் என்று ஆகிவிட்டதாம், புத்தூர் வருவதற்குள் போகலாம் என்று ஆயிற்றாம், ரேணிகுண்டாவில் பஸ் நின்றபோது தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியதாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் சற்று ஆடியது. அந்த முடிவு தன்னுடையது, அதில் என் முடிக்கோ அவள் முடிக்கோ வேலையில்லை என்றாள். பிறகு கிட்டே வந்து, தூறலில் நனைந்த என் தலையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள், சூடு பார்ப்பதுபோல.

"வெள்ளிக்கிழம மத்தியானம் நான் சென்னையில ரிப்போர்ட் பண்ணணும். அன்னிக்குக் காலைல அஞ்சரை பஸ்ஸுக்கு எழுப்பி விடு. அழுதுக்கினு எழுப்பாத."